கௌரியின் கல்லூரிக்குப் பூக்கட்டிப் பார்த்தோம்

1

நேற்றுக் காலை ஒரு வாடிக்கைக்காரரைப் பாதி முகத்தில் சோப்பு நுரையோடு நாற்காலியை விட்டு எழுப்பப் பார்த்தேன். அவர் செய்த குற்றம் இதுதான்: தன் மகனுக்கு இரண்டு இடத்தில் டாக்டர் படிப்புக்கு இடம் கிடைத்திருக்கிறது, எதில் சேர்க்கலாம் என்று என்னிடம் யோசனை கேட்டார்.

சிராங்கூன் சாலைப் பக்கம் முடிதிருத்தும் கடை வைத்திருப்பவனிடம் மக்கள் எதைத்தான் கேட்க மாட்டார்கள். தேர்தல், மூலநோய், பெண்ணுக்கு வரன், குதிரைப் பந்தயம், எல்லாவற்றுக்கும் நான் பதில் சொல்லியிருக்கிறேன். இந்த மனிதர் பிடோக்கில் கடலோரமாக வீடு கட்டிக்கொண்டவர், காரில் வந்து இறங்குகிறவர்.

“ஒண்ணு இங்க, நம்ம யுனிவர்சிட்டி. இன்னொண்ணு ஸ்காட்லாந்துல. பெரிய பேரு. நீ சொல்லு நடேசன், எதுல போடலாம்?”

“பையன் எதைக் கேக்கறான்?”

“அவனுக்கு என்னா தெரியும்? நான் முடிவு பண்ணிட்டு அவன்கிட்ட சொல்லிக்கலாம்.”

கோபம் வந்தால் கத்தியைக் கீழே வைத்துவிட வேண்டும் என்பது எங்கள் தொழிலின் முதல் பாடம். வைத்தேன். “பையனைக் கேட்டுட்டு வாங்க, மிச்சத் தாடையை அப்புறம் சிரைக்கிறேன்” என்றேன். மனிதர் விளையாட்டு என்று நினைத்துச் சிரித்தார். பக்கத்து நாற்காலியில் ஒரு சீனருக்குக் கிராப்பு வெட்டிக்கொண்டிருந்த என் அத்தான் சிரிக்கவில்லை. கத்தரிக்கோலை நிறுத்திக்கொண்டு கண்ணாடி வழியாக என்னைப் பார்த்தார். அந்தப் பார்வைக்குப் பிறகு நான் வாயை மூடிக்கொண்டு வேலையை முடித்தேன்.

ஊரில் நீங்களும் பிள்ளைகளுக்கு மெட்ராஸா மதுரையா என்று வீட்டுக்கு வீடு அடித்துக்கொள்வதாகக் கேள்வி. அதனால்தான் இங்கே இனக்கலவரம் மூண்ட வருடத்தில் எங்கள் வீட்டில் நடந்ததை எழுதுகிறேன். இதில் அடி நிறைய இருக்கிறது. ரத்தமும் இருக்கிறது. மனசு தாங்காதவர்கள் பக்கத்தைத் திருப்பிக்கொள்ளலாம், எனக்கு வருத்தமில்லை.

2

அத்தானுக்குப் பெயர் வேலு. என் அக்கா காமாட்சியின் புருஷன். எனக்கு முன்பே கப்பலேறி வந்தவர், பிறகு என்னையும் வரவழைத்துக் கையில் கத்தி கொடுத்தவர். கடை கீழே, இரண்டு குடும்பமும் மாடியில். அவர்களுக்கு ஒரே பெண், கௌரி. எனக்கு இரண்டு தறுதலைகள். என் தறுதலைகளுக்குத் தமிழில் சோறு கேட்கத் தெரியும், மலாயில் திட்டத் தெரியும், மற்றதெல்லாம் இங்கிலீஷ்தான். ‘அப்பா, நீங்க பேசறது டூ ஃபாஸ்ட் லா’ என்கிறான் பெரியவன். நான் பேசுவது அவனுக்கு வேகமாம். அவன் அம்மா பேசுவதைக் கேட்டால் என்ன சொல்வானோ. நல்லவேளை, அந்த வருடம் அவள் பிள்ளைகளோடு கடல் பாலத்துக்கு அந்தப் பக்கம், ஜொகூரில் தன் அண்ணன் வீட்டில் இருந்தாள். அப்போது பாலத்தைத் தாண்டப் பாஸ்போர்ட் கிடையாது. இப்போது மைத்துனன் வீட்டுக் காதுகுத்துக்குப் போவதற்கும் ஒரு கவுண்டரில் நின்று, ஏன் போகிறாய், எப்போது திரும்புவாய் என்று பதில் சொல்ல வேண்டியிருக்கிறது.

கௌரி அப்படி இல்லை. அவளுக்குத் தமிழும் வரும், படிப்பும் வரும், அப்பனுடைய கோபமும் வரும். பள்ளிக்கூடத்தில் தன் சிநேகிதியின் சடையை இழுத்த ஒருத்தியைப் படிக்கட்டில் உருட்டிவிட்டாள். தலைமையாசிரியை கூப்பிட்டு அனுப்பினார். அத்தான் போய் மன்னிப்புக் கேட்டுவிட்டு, வரும் வழியில் மகளுக்குச் சீவின ஐஸில் பாகு ஊற்றிய ஐஸ் கச்சாங் வாங்கிக் கொடுத்துக் கூட்டிவந்தார். அவரை என்னத்தைச் சொல்ல.

எங்கள் ஆட்களை உங்களுக்குத் தெரியும். நாவிதர்கள். கல்யாணமானாலும் சாவானாலும் நாங்கள் வராமல் காரியம் நடக்காது, ஆனால் வாசலைத் தாண்டி விடமாட்டீர்கள். அத்தான் இளவட்டமாக இருந்தபோது ஒரு தீபாவளிக்குப் புதுச் செருப்பு போட்டுக்கொண்டு மேலத்தெரு வழியாக நடந்தார். அந்தத் தெருப் பெரிய வீட்டுக்காரரும் அவருடைய தம்பிமாரும் அவரைத் தென்னை மரத்தில் கட்டிவைத்துப் புளிய விளாறால் அடித்தார்கள். செருப்பை அவர் வாயில் கவ்வக் கொடுத்துவிட்டு அடித்தார்கள். செருப்பு கீழே விழுந்தால் முதலிலிருந்து அடி என்று பேச்சு. அவர் குளிக்கும்போது அந்தத் தழும்புகளை நான் பார்த்திருக்கிறேன். முதுகு முழுக்க இருக்கிறது.

கௌரிக்கு இரண்டு இடத்தில் மருத்துவப் படிப்புக்கு இடம் கிடைத்தபோது அத்தானுக்கு அந்த முதுகுதான் நினைவுக்கு வந்திருக்க வேண்டும். ஒன்று இங்கே, பெரிய ஆஸ்பத்திரியை ஒட்டியிருக்கும் மருத்துவக் கல்லூரி. மற்றொன்று மெட்ராஸில். இரண்டுமே சாமானியர்களுக்குக் கிடைக்கிற இடம் இல்லை. எங்கள் தெருவில் சீனர், மலாய்க்காரர், தமிழர் என்று எல்லாரும் வந்து அவள் கன்னத்தைத் தொட்டுவிட்டுப் போனார்கள்.

“மெட்ராஸ்தான்” என்றார் அத்தான். “அங்க படிச்சு முடிச்சுட்டு நேரா ஊருக்குப் போறா. மேலத்தெருவுல, அந்தப் பெரிய வீட்டுக்கு எதிர்ல ஆஸ்பத்திரி வைக்கிறா. அவனுங்க கிழடாகி, சீக்காளியாகி, எம் பொண்ணுகிட்ட வந்து கையை நீட்டிட்டு நிக்கணும்.”

“நான் இங்கதான் படிப்பேன்” என்றாள் கௌரி.

“அத்தான், பொண்ணு பொறந்த ஊரு இது. அவ கேக்கறதுல என்ன தப்பு?” என்றேன் நான். தாய்மாமனுக்குப் பேச உரிமை உண்டல்லவா. அன்றிலிருந்து வீட்டில் தினமும் ரகளைதான். சட்டி பறந்தது. ஒரு கண்ணாடி உடைந்தது. ‘ரொம்பப் பேசினா படிப்பே வேணாம், எவனுக்காவது கட்டிக் குடுத்துடறேன்’ என்று அத்தான் கத்துவார். அவர் சொன்னால் செய்கிறவர். அதுதான் எங்களுக்குப் பயம்.

3

கடைசியில் அக்காதான் வழி சொன்னாள். “ரெண்டு பேரும் வாயை மூடுங்க. காளியம்மன் கோயில்ல பூக்கட்டிப் பார்ப்போம். அவ சொல்றபடி கேட்டுக்குங்க.”

உங்களுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. இருந்தாலும் வெளியூரில் பிறந்த பிள்ளைகள் யாராவது இதைப் படிக்கலாம். ஒரு பொட்டலத்தில் சிவப்புப் பூ, ஒன்றில் வெள்ளை. இரண்டையும் வெற்றிலையில் மடித்து, வாழை நாரால் ஒரே மாதிரி கட்டி, அம்மன் காலடியில் வைத்துக் கும்பிட்டு, எதையும் அறியாத ஒரு குழந்தையைக் கூப்பிட்டு ஒன்றை எடுக்கச் சொல்ல வேண்டும். எடுத்ததைத்தான் பிரிக்கலாம். எடுக்காததைப் பிரிக்கக் கூடாது, அது அம்மன் மனசுக்குள் இருப்பது. நேராக மரத்தடியில் போட்டுவிட வேண்டும். செவ்வரளி வந்தால் இங்கே, வெள்ளரளி வந்தால் மெட்ராஸ் என்று பேசிக்கொண்டோம்.

பொட்டலம் கட்டும் வேலையை அத்தான் என்னிடம் விட்டார். எனக்குத் தலைமுடியை வெட்டத் தெரியும், பூவைக் கட்டத் தெரியாது. வாங்கிவந்த பூவைக் கௌரியிடம் கொடுத்தேன். அவள் உள்ளே போய்க் கட்டிக்கொண்டு வந்தாள். அத்தான் அப்போது கீழே கடையில் இருந்தார்.

கோயிலில் ஒரு மார்வாடிக் குழந்தை வந்து எடுத்தது. பிரித்தோம். செவ்வரளி. அக்கா கன்னத்தில் போட்டுக்கொண்டாள். அத்தான் இன்னொரு பொட்டலத்தை எடுத்துக்கொண்டு மரத்தடிக்குப் போனார். போடப் போனவர் நின்றார். தனக்கு என்ன கிடைக்காமல் போயிற்று என்று பார்க்கிற ஆசை. நாரைப் பல்லால் கடித்து அறுத்துப் பிரித்தார். அதிலும் செவ்வரளி.

நான் கௌரியைப் பார்த்தேன். அவள் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கோயிலுக்குள் அத்தான் கையை ஓங்கவில்லை, அந்த மட்டுக்காவது பக்தி. கடை வாசல்வரை என் பின்னால் நடந்து வந்தார். அஞ்சடி நடைபாதையில் கால் வைத்ததும் கடைக்கதவுக்குக் குறுக்கே போடும் கட்டையை எடுத்தார்.

“அம்மன்கிட்டயே ஏமாத்து வேலையாடா? பூவைக் கட்டினது நீதானே?”

நான் என்ன சொல்வேன். அவள் கட்டினாள் என்று சொன்னால் படிப்பு அன்றோடு முடிந்தது. “ஆமா, நான்தான்” என்றேன்.

முதல் அடி தோளில். இரண்டாவது முதுகில். மூன்றாவது தலைக்கு வந்தது, வலது கையைத் தூக்கி மறைத்தேன். முழங்கைக்குக் கீழே எலும்பு முறிந்த சத்தம் எனக்கே கேட்டது. கீழே விழுந்தவனை விலாவில் மிதித்தார். வாயெல்லாம் ரத்தம். ஒரு பல் நடைபாதையில் கிடந்தது. எதிர்க்கடை மாவு மில்காரர் ஓடிவந்து இடுப்பைப் பிடித்து இழுத்தார், அவருக்கும் மூக்கில் ஒரு குத்து விழுந்தது. அக்கா அலறினாள். நான் வலியில் அத்தானின் ஏழு தலைமுறையையும் இழுத்துத் திட்டினேன். அதை இங்கே எழுத முடியாது.

அப்போதுதான் சாலைப் பக்கம் ஜனங்கள் ஓடிவருவது தெரிந்தது. கேலாங் பக்கம் வெட்டு, குத்து, தீ என்றார்கள். பலகைக் கதவுகள் தெரு முழுக்கப் படபடவென்று மூடின. அத்தான் என் சட்டைக் காலரைப் பிடித்து உள்ளே இழுத்துப் போட்டு, கதவை அடைத்து, கையிலிருந்த கட்டையைக் குறுக்கே போட்டார். கொஞ்ச நேரத்தில் ரேடியோவில் ஊரடங்கு என்றார்கள்.

4

இங்கே அந்த வருடம் யார் யாரை ஏன் வெட்டினார்கள் என்று எழுத நான் யார். எங்கள் தமிழர்களுக்கு எதிரி இல்லை, அதனால் எல்லாருக்கும் பயந்தோம். மாடி ஜன்னல் இடுக்கில் பார்த்தால் புகை தெரிந்தது. சிவப்பு லாரிகளில் போலீஸ்காரர்கள் போனார்கள். ஒரு ஆள் தலையைப் பிடித்துக்கொண்டு ஓடிவந்து சந்து முனையில் உட்கார்ந்தான், அப்படியே சரிந்தான். அவனைத் தூக்க யாரும் கதவைத் திறக்கவில்லை. நாங்களும் திறக்கவில்லை.

கௌரி என் கையைத் தன் இரண்டு மரஸ்கேலுக்கு நடுவில் வைத்து, அக்காவின் பழைய சேலையைக் கிழித்துக் கட்டினாள். “மாமா, ஏன் பொய் சொன்னீங்க?” என்று காதருகே கேட்டாள். “வாயை மூடு” என்றேன்.

மறுநாள் மத்தியானம் அத்தான் கிண்ணத்தில் வெந்நீரும் கத்தியுமாக மாடிக்கு வந்தார். “உக்காரு” என்றார். நாவிதன் எதிரில் இன்னொரு நாவிதன் தாடியோடு உட்கார்ந்திருந்தால் அவனுக்குப் பொறுக்காது, அது எங்கள் புத்தி. வீங்கிய முகத்தில் நுரையைத் தடவினார். கன்னம் முடிந்து கழுத்துக்கு வந்ததும் கத்தியை நிறுத்தினார்.

“இப்பச் சொல்லு. பூவைக் கட்டினது யாரு? உனக்குப் பூக் கட்டத் தெரியாதுன்னு உங்க அக்கா சொல்றா.”

கத்தி என் தொண்டைக் குழியில் இருந்தது. “நான்தான் அத்தான்.”

“மாமா பொய் சொல்றாரு. நான் கட்டினேன்” என்று பின்னாலிருந்து கௌரி சொன்னாள்.

கத்தி அசையவில்லை. எச்சில் விழுங்கினால் அறுந்துவிடும் என்று நான் மூச்சை அடக்கிக்கொண்டேன். அத்தானின் மூச்சு மட்டும் என் நெற்றியில் பட்டது. “ஆடாதே” என்றார். மீதிக் கழுத்தையும் ஒரு கீறல் விழாமல் சிரைத்தார். கத்தியைத் துடைத்து மடித்து வைத்தார். பிறகு திரும்பி மகளை அறைந்தார். அவள் சுவரில் போய் மோதினாள். உதடு கிழிந்தது. நிமிர்ந்து வந்து அதே இடத்தில் நின்றாள். இன்னொரு அறை. மறுபடியும் வந்து நின்றாள்.

“ஏன்டி?”

“அம்மன் மெட்ராஸ்னு சொல்லிட்டா நான் என்ன பண்றது? அதான் கேக்கவே இல்லை.”

“அந்த ஊர்ல உனக்கு என்னடி பயம்? நீ டாக்டரா போறே. அவனுங்க உன் முன்னாடி கையைக் கட்டிட்டு நிப்பானுங்க.”

“அவங்களைப் பாத்து எனக்குப் பயம் இல்லைப்பா.” உதட்டு ரத்தத்தைப் புறங்கையால் துடைத்தாள். “உங்களை அடிச்ச கையை என்கிட்ட நீட்டுவாங்கன்னு சொல்றீங்க. நீட்டினா நான் வைத்தியம் பாக்க மாட்டேன். ஒடிப்பேன். நேத்து மாமா கை ஒடிஞ்ச சத்தம் கேட்டப்ப, மேலத்தெருக்காரன் கைன்னா எப்படி இருக்கும்னு ஒரு நிமிஷம் நெனச்சேன். நல்லா இருந்துச்சு. நான் உங்க பொண்ணுதான். அதனாலதான் அங்க போக மாட்டேங்கறேன்.”

அத்தான் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். எனக்கு அவரைக் கொல்ல வேண்டும் போலவும் இருந்தது, கட்டிப்பிடித்து அழ வேண்டும் போலவும் இருந்தது. ஒரு கையோடு இரண்டையும் செய்ய முடியாது. அக்கா மட்டும் அடுப்படியிலிருந்து சொன்னாள்:

“நாளைக்குக் காலையில ஊரடங்கை எடுக்கறாங்களாம். மத்தியானம் வரைக்கும்தான். இங்க காலேஜுல சேரவும் நாளைக்குத்தான் கடைசி.”

அன்று வீட்டில் யாரும் சாப்பிடவில்லை.

5

விடிந்ததும் அத்தான் கதவுக் கட்டையை எடுத்துக்கொண்டு வாசலில் நின்றார். “நடேசன் கையை ஆஸ்பத்திரியில காட்டணும்” என்றார். கௌரியைப் பற்றி ஒரு சொல் இல்லை. ஆனால் அவள் சான்றிதழ்ப் பையை மாட்டிக்கொண்டு இறங்கியதைப் பார்த்தும் தடுக்கவில்லை.

“கட்டையோட போனா போலீஸ்காரன் மொதல்ல உங்களைத்தான் புடிப்பான்” என்று அக்கா அதைப் பிடுங்கிக்கொண்டு குடையைக் கொடுத்தாள்.

பஸ் இல்லை. நடந்தோம். அவர் முன்னால், கௌரி நடுவில், நான் பின்னால். ஒரு கார் குப்புறக் கவிழ்ந்து எரிந்து கிடந்தது. ஒரு காப்பிக்கடையின் மேசை நாற்காலியெல்லாம் கால்வாயில் கிடந்தன. நடைபாதையில் ரத்தம் காய்ந்து ஈ மொய்த்துக் கிடந்த இடத்தில், அத்தான் கையை நீட்டிக் கௌரியைச் சுற்றிப் போகச் சொன்னார். யாராவது எதிரே வேகமாக வந்தால் குடையை ஓங்குவது மாதிரி பிடித்துக்கொள்வார். ஒவ்வொரு அடிக்கும் எனக்கு உயிர் போய் வந்தது. வாயில் வந்ததையெல்லாம் சொல்லித் திட்டிக்கொண்டே நடந்தேன். அவர் திரும்பவில்லை.

ஆஸ்பத்திரித் தாழ்வாரம் முழுக்க வெட்டுப்பட்டவர்கள். ஒருவனுக்குக் காது இல்லை. ஒரு கிழவர் தன் வயிற்றைத் தானே அழுத்திப் பிடித்துக்கொண்டு, யாரையும் கூப்பிடாமல் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். அவசரச் சிகிச்சை வாசலில் மேசை போட்டு மலாய்க் கான்ஸ்டபிள் ஒருவர் உட்கார்ந்திருந்தார். அடிதடிக் காயம் ஒவ்வொன்றையும் அவரிடம் சொல்லாமல் உள்ளே போக முடியாது. என் முகத்தையும் கையையும் பார்த்தார். “சியாப்பா புக்குல்?” என்றார். யார் அடித்தது என்று கேட்கிறார்.

“ஜாத்தோ” என்றேன் நான். விழுந்துவிட்டேன் என்று அர்த்தம். இந்த ஊரில் இத்தனை வருடத்தில் நான் பேசிய மலாயில் அந்த ஒரு சொல்தான் அவ்வளவு வேகமாக வந்தது.

கான்ஸ்டபிள் நம்பவில்லை. மறுபடியும் அதே கேள்வி. அத்தான் என்னை ஒதுக்கிவிட்டு மேசைக்கு முன்னால் போய் நின்றார். தன் நெஞ்சில் கையை வைத்தார்.

“சாயா” என்றார். நான்தான் என்று.

“அத்தான், உங்களுக்குப் பைத்தியமா? கலவர நேரம், உள்ள தூக்கிப் போட்டுருவானுங்க” என்று கத்தினேன். “துவான், ஐயா, இது குடும்பச் சண்டை, அவரு சும்மா சொல்றாரு” என்று கான்ஸ்டபிளிடம் தமிழிலேயே கெஞ்சினேன். அத்தான் என் பக்கம் திரும்பினார்.

“என்னை அடிச்சவன் எவனும் இப்படி வந்து நின்னதில்லைடா” என்றார்.

இரண்டு போலீஸ்காரர்கள் வந்தார்கள். சில நாளில் விட்டுவிட்டார்கள், அது பிறகு நடந்தது. ஆனால் அந்த நிமிஷம் எங்களுக்கு அது தெரியாது. விலங்கு மாட்டி லாரிப் பக்கம் கூட்டிக்கொண்டு போனார்கள். கௌரி ஓடிப்போய் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“நானும் ஸ்டேஷனுக்கு வரேன்பா. நீங்க தனியாப் போக வேணாம்.”

அவர் விலங்கோடு கையை உதறினார். “மத்தியானம் மூடிருவான். நீ போய்ச் சேரு.”

“எங்கப்பா?”

“எங்கன்னா? நீ கேட்ட எடத்துலதான். போ.”

அவள் நின்றாள். லாரியில் அவரை ஏற்றினார்கள். பிடிபட்டவர்கள் உட்காரும் தரையில், முழங்காலை மடக்கி, குடையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். கல்லூரிக் கட்டடம் மைதானத்துக்கு அந்தப் பக்கம், நடந்து போகிற தூரம்தான். கௌரி பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நடக்க ஆரம்பித்தாள். பிறகு ஓடினாள். லாரி கிளம்புகிற சத்தம் கேட்டும் அவள் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால், உடையாத இடது கையால் நானே அவளை அறைந்திருப்பேன்.